மூன்றடி தூரம் – அத்தியாயம் 14: வரிசை மாறிய ஏழு ஆல்பம்

'அந்த ரெண்டு பேரையும் எப்பத்தான் பேச வைக்கப் போறீங்க?' என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். பேனாவை அழுத்திய அழுத்தத்தில் தாளே கிழிந்திருக்கிறது. அம்மா, நானும் பதின்மூன்று வாரமாக முட்டி மோதிப் பார்க்கிறேன். அவர்கள் என் பேச்சைக் கேட்கிற ரகமா?

விஷயம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. ஒரே வீட்டில் ஒரு அண்ணி, ஒரு நாத்தனார். அண்ணிக்கு நாற்பத்தாறு வயது. பல் கட்டும் கூடத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பொய்ப்பல் செய்கிறவர். காதில் எந்நேரமும் ராப், அது இல்லாவிட்டால் பாப். நாத்தனாருக்கு முப்பத்தொன்பது. அரசு அலுவலகத்தின் ஆவண அறையில் வேலை. சமையலறை டப்பாக்கள்கூட அகர வரிசையில் நின்றால்தான் அவருக்குத் தூக்கம் வரும். நடுவில் ஒரு லிப்ட் மெக்கானிக். ஒருத்திக்குப் புருஷன், ஒருத்திக்கு அண்ணன், இரண்டு பேருக்கும் தபால்காரர்.

மூன்று வருடத்துக்கு முன் அண்ணி நாலு நாள் வெளியூர் போயிருந்தார். வீட்டில் அவருடைய ஆல்பம் டிஸ்க்குகள் நானூறு இருந்தன. பதினாறு வயதிலிருந்து எது எப்போது கைக்கு வந்ததோ அந்த வரிசையிலேயே அடுக்கி வைத்திருந்தார். எந்த டிஸ்க்குக்குப் பக்கத்தில் எந்த அழுகை, எந்தப் பரீட்சை, எந்தக் காதல் என்பது அவருக்கு மட்டும் தெரியும். நாத்தனார் ஆசை ஆசையாக, அண்ணி வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று, நானூறையும் தூசி தட்டி அகர வரிசையில் அடுக்கிவிட்டார்.

"என் வாழ்க்கையையே கலைச்சுப் போட்டுட்டியே!" என்றார் அண்ணி.

"சுத்தம் பண்ணினது ஒரு குத்தமா?" என்றார் நாத்தனார்.

அன்றோடு பேச்சு நின்றது.

ஏழு வாரத்துக்கு முன் வீட்டு டிஸ்க் பெட்டி மூச்சை நிறுத்தியது. மெக்கானிக் ஒரு குட்டி ப்ளேயர் வாங்கி வந்தார். திரை கிடையாது, மூன்றே மூன்று பொத்தான். கம்ப்யூட்டர் நாத்தனார் அறையில் இருந்ததால், சனிக்கிழமை சாயங்காலம் ப்ளேயர் சாப்பாட்டு மேஜையில் வைக்கப்படும். ஞாயிறு காலையில் புது ஆல்பம் ஏறி, அதே இடத்தில் அது திரும்ப இருக்கும். பேச்சில்லாமல் நடந்த ஒரே சமாதானம் அதுதான். போன வாரம், புதன்கிழமை வந்து பாட்டைப் பற்றிப் பேசச் சொல்லி வானொலி நிலையத்திலிருந்து அண்ணிக்கு அழைப்பு வந்ததில் கதையை நிறுத்தியிருந்தேன்.

இன்று அந்தப் புதன்கிழமை.

---

காலை ஏழரை மணி. அண்ணி நீல நிறச் சட்டையைப் போட்டார், கழற்றினார், பழுப்பைப் போட்டார், மறுபடி நீலத்துக்கே வந்தார்.

"வானொலில யாரு உன் சட்டையப் பாக்கப் போறா?" என்றார் மெக்கானிக்.

"நான் பாக்குறேன்ல? எனக்கு நடுக்கமா இருக்குங்க. அரை மணி நேரம் நேரலை. நல்லா பேசிட்டா ஆறு மாசத்துக்கு ஒவ்வொரு புதனும் எனக்குன்னு சொல்லியிருக்காங்க. சொதப்பினா வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்."

இருபத்திரண்டு வருடமாக ஜன்னல் இல்லாத அறையில், முகம் தெரியாதவர்களின் சிரிப்பைச் செய்துகொண்டிருந்த பெண் அவர். பாட்டைப் பற்றி அவருக்கு மலை மலையாக அபிப்பிராயம் உண்டு. கேட்கத்தான் ஆள் கிடையாது. மனசு கேட்காமல் இணையத்தில் 'பல்லுக்காரி பக்கம்' என்று ஒன்றைத் தொடங்கி வாராவாரம் எழுதினார். தொள்ளாயிரம் பேர் படித்தார்கள். அதில் ஒருவர் வானொலி நிலைய அதிகாரியாக இருந்தது அண்ணியின் அதிர்ஷ்டம்.

சாப்பாட்டு மேஜையில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் நடுவே மூன்றடி.

"உங்க தங்கச்சிகிட்டச் சொல்லுங்க. ப்ளேயருக்கு ராத்திரியே சார்ஜ் போட்டு வச்சதுக்கு நன்றின்னு."

"அண்ணா, அவங்ககிட்டச் சொல்லு. பதறாம பேசச் சொல்லு. பேசும்போது கையப் பிசைய வேண்டாம்னு சொல்லு."

மெக்கானிக் ரொட்டியைத் தட்டில் வைத்தார். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது? நான் ஒருத்தன் எதுக்கு, தபால் தலையா ஒட்டிக்கிட்டு?"

நாத்தனார் வெண்ணெய் டப்பாவை மெல்ல அண்ணி பக்கம் நகர்த்தினார், அண்ணியும் எடுத்துக்கொண்டார். மெக்கானிக் இதைப் பார்த்தும் பார்க்காததுபோல டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

---

ஆவண அறையில் ஒன்பதே முக்கால் மணிக்கு நாத்தனாரின் தலையில் இடி விழுந்தது.

அடுத்த மேஜைக்காரர் ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிற மனிதர். மகளுக்குத் தெரியாமல் ராப் கேட்பவர். 'பல்லுக்காரி பக்க'த்தின் தொள்ளாயிரத்தில் அவரும் ஒருவர்.

"இன்னிக்கு உங்க அண்ணி பேசுறாங்கல்ல? அறை ரேடியோவத் துடைச்சு வச்சிருக்கேன். ஆனா ஒரு சந்தேகம், கேட்டா கோவிச்சுக்காதீங்க."

"கேளுங்க சார்."

"தகரத்தோட 'நகல் சாவி' ஆல்பம் இருக்குல்ல? அண்ணி அதப் பத்தி எழுதினதப் படிச்சேன். முதல் பாட்டு 'அப்பாவோட கோட்டு', கடைசிப் பாட்டு 'வெளியே'ன்னு எழுதியிருக்காங்க. எங்கிட்ட இருக்குறதுல 'வெளியே'தான் முதல் பாட்டு."

தகரம் என்பது ஒரு ராப் பாடகி. குரலால் வந்த பேர்.

"வேற வேற பதிப்பா இருக்கும் சார்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் போன மாசம் எழுதின, அந்தப் பாப் பாடகி வெல்வெட்டோட ஆல்பத்தையும் எடுத்துப் பாத்தேன். அதுவும் மாறியிருக்கு. நேத்து சாயங்காலம் அண்ணி எழுதின ஏழு ஆல்பத்தையும் எடுத்து, அவங்க சொன்ன வரிசைய ஒரு தாள்ல எழுதினேன்." அவர் தாளை நீட்டினார். "நம்ம கண்ணுக்குத்தான் இதெல்லாம் படும். பாருங்க. 'நகல் சாவி' பாட்டுகளோட முதல் எழுத்து: அ, இ, ஈ, க, த, ப, வ. சுத்தமான அகர வரிசை. நம்ம அலமாரி கெட்டுது போங்க."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நாத்தனார் அந்தத் தாளை மேலிருந்து கீழ் வரை மறுபடி படித்தார்.

நடந்தது இதுதான். வாங்கின ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டின் பேருக்கு முன்னாலும் 01, 02, 03 என்று எண் இருக்கும். ஆவண அறையில் அது பெரும் பாவம். கோப்பின் பேர் எண்ணில் தொடங்கக் கூடாது, இது பதினாறு வருடமாக அவர் கைக்குப் பழகிய சட்டம். ஒவ்வொரு சனிக்கிழமையும் உட்கார்ந்து, கண் வலிக்க வலிக்க, எண்ணையெல்லாம் எடுத்துவிட்டுச் சுத்தமான பேராக ஏற்றியிருக்கிறார். எண் இல்லாவிட்டால் ப்ளேயர் என்ன செய்யும்? அகர வரிசையில் பாடும்.

நாத்தனார் பாட்டுக் கேட்கிறவர் இல்லை. ஒரு கோப்புக்கும் அடுத்த கோப்புக்கும் என்ன சம்பந்தமோ அதுதான் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் என்று நினைத்திருந்தார். பாவம், வேறு எப்படி நினைப்பார்?

ஆனால் அண்ணியின் பேரே வரிசையில்தான் இருக்கிறது. 'ஆல்பம் என்பது பல் வரிசை. ஒரு பல் இடம் மாறினாலும் கடி சேராது' என்று வாராவாரம் எழுதுகிறவர். யாராவது வந்து 'வரிசை மாறியிருக்கே' என்று எழுதினால், 'காதைக் கழுவிவிட்டு மறுபடி கேளுங்கள்' என்று பதில் போடுகிறவர். பாட்டுப் பட்டியலைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டார், பல்லவியைக் கேட்டே பாட்டின் பேரைச் சொல்லிவிடுவார். பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்பது வாசனை பார்க்கிறதுக்கு முன்னால் விலையைப் பார்க்கிற மாதிரியாம். அந்த வீம்புதான் வினையாகிவிட்டது.

'அன்னிக்கு நானூறு. இன்னிக்கு ஏழு. அதே தப்பு, அதே கை' என்று நாத்தனார் எண்ணிப் பார்த்தார். அன்று வீட்டுக்குள் போன மானம் இன்று ஊர் கேட்கவே போகப் போகிறது. போன தடவை மூன்று வருடம் பேச்சு நின்றது. இந்தத் தடவை?

மணி பத்து. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

---

நாத்தனார் அண்ணிக்குப் போன் அடித்தார், எடுக்கவில்லை. நிலையத்தில் வாங்கி வைத்திருப்பார்கள். அண்ணனுக்கு அடித்தார்.

"சொல்லும்மா, சீக்கிரம் சொல்லு. லிப்ட் கூரை மேல உக்காந்திருக்கேன். ரெண்டு மாடிக்கு நடுவுல."

"அண்ணா, நான் குடியக் கெடுத்துட்டேன்."

நாத்தனார் விஷயத்தைச் சொல்லி முடித்தார். அந்தப் பக்கம் ஸ்பானர் எங்கோ விழுந்த சத்தம் வந்தது.

"ஏழுமா?"

"ஏழும்."

"நீ ஒண்ணும் சொல்லாத. நான் சாயங்காலம் பக்குவமா..."

"சாயங்காலம் சொல்லி என்ன புண்ணியம்? பதினோரு மணிக்கு அவங்க வாயத் திறந்து, எவனாவது போன்ல நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டுட்டா? நான் போறேன்."

"போய்?"

"நேர்ல சொல்றேன்."

"நேர்லயா? நீயா? அவகிட்டயா?"

"ஆமா. நானா. அவங்ககிட்டதான்."

அடுத்த மேஜைக்காரர் ஏற்கனவே விடுப்புத் தாளை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தார். "ஓடுங்கம்மா. நான் பாத்துக்கறேன். பேசாம நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்."

பேருந்தில் இடம் இருந்தும் நாத்தனார் நின்றுகொண்டே வந்தார், உட்கார்ந்தால் மெதுவாகப் போகும் என்பது மாதிரி. இரண்டு சிக்னலில் நின்றது. மூன்றாவது சிக்னலில் ஓட்டுநர் இறங்கிப்போய்க் கண்ணாடியைத் துடைத்தார். நாத்தனார் அவரைப் பார்த்த பார்வையில் கண்ணாடி தானாகவே சுத்தமாகியிருக்க வேண்டும்.

வானொலி நிலையம் நாலாவது மாடி. வாசலில் 'லிப்ட் பழுது' என்று அட்டை தொங்கியது. "குடும்பத்துக்கே லிப்ட்தான் சோறு போடுது, எனக்கு மட்டும் ஒரு நாளும் உதவாது" என்று முணுமுணுத்துக்கொண்டே படியேறினார். மூச்சிரைக்க மேலே வந்தபோது சுவர்க் கடிகாரம் பதினொன்று பன்னிரண்டு காட்டியது. கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

"உள்ள போகக் கூடாதுங்க. நேரலை ஓடுது" என்றார் காவலர்.

கதவுக்குப் பக்கத்தில் பெரிய கண்ணாடி. உள்ளே அண்ணி, தலையில் ஹெட்போன், எதிரே தொகுப்பாளினி. வெளி நடையில் ஸ்பீக்கர் இருந்ததால் எல்லாம் தெளிவாகக் கேட்டது. அண்ணி கையைப் பிசையவில்லை. ஜோராகப் பேசிக்கொண்டிருந்தார்.

---

"வெல்வெட்டோட 'நீலக் காலுறை' எப்படி மேடம்? இந்த வருஷத்துல எல்லாரும் அதத்தானே கேட்டாங்க?"

"நல்லா பாடுற பொண்ணு, நான் இல்லன்னே சொல்லல. ஆனா அவ்வளவு இழைச்சு வச்சிருக்காங்க. மூச்சு விடுற சத்தத்தக்கூட வெட்டி எடுத்துட்டாங்க. நான் பல்லு கட்டுறவ. எல்லாப் பல்லும் ஒரே அளவு, ஒரே வெள்ளையா இருந்தா அது பல்லு இல்லங்க, டைல்ஸ். ஒரு பல்லு கொஞ்சம் சாஞ்சிருக்கணும், அப்பத்தான் மனுஷ வாய்."

தொகுப்பாளினி வாய்விட்டுச் சிரித்தாள். "அப்போ ரெட்டைவால் ப்ரதர்ஸ்?"

"'ஒரே மைக்'கா? அய்யோ. ஆறு பாட்டுல கார், ஏழாவதுல பார்க்கிங். அவ்வளவுதான் கதை. நடுவுல ஒரு இடத்துல சின்னவன் நிஜமாவே இருமுறான். அத வெட்டாம விட்டிருக்காங்க. அந்த இருமலுக்கு நான் முழு மார்க் குடுத்தேன், மத்தது எல்லாம் பாஸ் மார்க்."

"குயில் மேடம்? அறுபது வயசுல ராப் பீட்டுக்குப் பாடினதுக்குக் கேலி பண்ணாங்களே?"

"கேலி பண்ணவங்க ஒழுங்காக் கேக்கல. குரல் உடைஞ்சிருக்கு, மறைக்கல. உடைஞ்ச இடத்த அந்தம்மா நம்மகிட்டக் காட்டிட்டுப் பாடுறாங்க. அதுக்குத் தைரியம் வேணும். நாலு பாட்டுல எனக்குத் தொண்டை அடைச்சுது. ஆனா பதினாலு பாட்டு எதுக்கு? விருந்தாளி கிளம்புற நேரத்துல மறுபடி மறுபடி கதவுகிட்ட நின்னு பேசுற மாதிரி."

கண்ணாடிக்கு வெளியே நாத்தனார் தன்னை மறந்து நின்றார். இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்து, இவர் பேசி இவ்வளவு கேட்டதில்லை. பேச விட்டதும் இல்லை. நிலைய அதிகாரி பக்கத்து அறையில் மேஜையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை கைக்கு வந்துவிட்டது என்று யாருக்கும் தெரியும்.

"கடைசியா, இந்த வருஷத்தோட சிறந்த ஆல்பம்?"

"சந்தேகமே இல்ல. தகரத்தோட 'நகல் சாவி'. ஏன் தெரியுமா? வரிசை. அப்பா கோட்டப் போட்டுப் பாக்குற பொண்ணு, கதவத் திறன்னு கேட்டுக் கேட்டு அலுத்து, கடைசியில 'வெளியே'ன்னு ஒரு பாட்டோட வீட்ட விட்டே போயிடுறா. திரும்பிப் பாக்கல. என்ன ஒரு முடிவு!"

நாத்தனார் காவலரின் வருகைப் பதிவேட்டில் பின்பக்கத் தாளைக் கேட்காமலே கிழித்து எழுதத் தொடங்கினார். "என்னங்க இது!" என்று அவர் எழுந்தார்.

அதற்குள் போன் வந்துவிட்டது.

"வணக்கம், நேயர் பேசலாம்."

"மேடம், நான் தகரத்தோட தீவிர ரசிகன். நீங்க சொல்றது ஒண்ணும் புரியல. 'வெளியே'தான் முதல் பாட்டு. அது எப்படி முடிவாகும்? நீங்க ஆல்பத்தக் கேட்டீங்களா, இல்ல சும்மா அடிச்சு விடுறீங்களா?"

தொகுப்பாளினியின் சிரிப்பு அப்படியே நின்றது. பக்கத்து அறையில் நிலைய அதிகாரி தட்டுவதை நிறுத்தினார்.

"தம்பி," அண்ணியின் குரல் சூடேறியது, "காதைக் கழுவிட்டு மறுபடி..."

கண்ணாடியில் டம் டம் என்று சத்தம் கேட்டது. அண்ணி நிமிர்ந்தார்.

வெளியே நாத்தனார், தலை கலைந்து, வேர்த்து விறுவிறுத்து, ஒரு தாளைக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார். ஆவண அறையின் முத்து முத்தான பெரிய எழுத்து.

'எண்ணை நான் எடுத்துட்டேன். ஏழும் அகர வரிசை. தப்பு என்னுது. என் பேரச் சொல்லிடுங்க அண்ணி.'

வானொலியில் ஐந்து விநாடி மௌனம் என்பது வீட்டில் ஐந்து மாத மௌனத்துக்குச் சமம். தொகுப்பாளினி மைக்கை நோக்கிக் கையை ஆட்டினாள். அண்ணி அந்தத் தாளை ஒருமுறை படித்தார், இன்னொரு முறை படித்தார். பிறகு தாளுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்த முகத்தைப் பார்த்தார்.

முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொல்வானேன். மூன்று வருடத்துக்கு முந்தைய அதே கோபம், அதே சூட்டோடு தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் இந்தத் தடவை அவள் ஒளியவில்லையே. 'சுத்தம் பண்ணினது ஒரு குத்தமா' என்று கேட்கவில்லையே. நாலு மாடி ஏறி, ஊர் கேட்கிற நேரத்தில், என் பேரைச் சொல்லுங்கள் என்று வந்து நிற்கிறாளே. அண்ணிக்கு என்னவோ செய்தது. அடுத்த நொடி அவர் சிரித்துவிட்டார். சாதாரணச் சிரிப்பு இல்லை, ஹெட்போன் நழுவி விழுகிற சிரிப்பு.

"தம்பி, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்."

"நீங்க சொன்னதுதான் சரி. மன்னிச்சுக்கங்க. ஏழு வாரமா ஏழு ஆல்பத்த நான் தலையும் வாலும் மாத்திக் கேட்டிருக்கேன். கேட்டுட்டு நாட்டாமை மாதிரி தீர்ப்பு வேற சொல்லியிருக்கேன். சந்தேகம் கேட்டவங்களத் திட்டினேன். எல்லார்கிட்டயும் இப்பவே மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"எப்படி மேடம் மாறிச்சு? யாரு மாத்தினது?"

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். ஒரே ஒரு பேர் சொன்னால் போதும், பழி இறங்கிவிடும்.

"பட்டியலப் பாக்க மாட்டேன்னு வீம்பு பிடிச்சது நான். அதனால மாத்தினதும் நான்தான்னு வச்சுக்கங்க" என்றார் அண்ணி. பிறகு மைக்கை மறந்து, நேரலையை மறந்து, கண்ணாடியைப் பார்த்துக் கத்தினார்: "ஏய், அங்க ஏன் நின்னு அழுதுட்டிருக்க? உள்ள வாடி!"

மூன்று வருடத்துக்குப் பிறகு அண்ணி நாத்தனாரிடம் பேசிய முதல் வார்த்தை. ஊர் மொத்தமும் கேட்டது.

---

கதவைத் திறந்துவிட்டது காவலர்தான். கிழிந்த பதிவேட்டை மறந்துவிட்டு அவரும் எட்டிப் பார்த்தார். தொகுப்பாளினி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கெட்டிக்காரி, எது நல்ல நிகழ்ச்சி என்று தெரிந்தவள்.

"நீங்க யாருங்க?"

"அவங்களோட நாத்தனார்" என்றார் நாத்தனார், மைக்குக்கு மூன்றடி தள்ளி நின்று. அண்ணி அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "பாட்டுப் பேருக்கு முன்னாடி நம்பர்லாம் அசிங்கமா நின்னுச்சு. எடுத்துட்டேன். பாட்டெல்லாம் அகர வரிசைக்கு மாறிடுச்சு. பாட்டுக்கு வரிசை முக்கியம்னு எனக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தரல."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?" என்றார் அண்ணி.

"எப்படிக் கேக்குறது? நம்மதான் பேசிக்கறதில்லையே!"

நிலைய அதிகாரி பக்கத்து அறையில் குப்புறச் சாய்ந்து சிரித்தார். போன் விளக்குகள் ஆறும் ஒன்றாக மின்னின.

"சரி மேடம்," என்றாள் தொகுப்பாளினி, "இப்போ 'நகல் சாவி'யோட உண்மையான கடைசிப் பாட்டப் போடறேன். 'கதவு திற'. கேட்டுட்டுச் சொல்லுங்க."

பாட்டு ஓடியது. அண்ணி நாற்பது தடவை கேட்ட பாட்டு, நடுவில் எங்கோ வந்துபோகிற பாட்டு. இப்போது முடிவாகக் கேட்டார்.

'தட்டுறதும் நான், தாழ்ப்பாளும் நான்,
திறந்து பாத்தா நீ பூட்டவே இல்ல.'

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் தப்பா எழுதிட்டேங்க. இது வீட்ட விட்டுப் போற கதை இல்ல. போனவ திரும்பி வர்ற கதை." மூக்கை உறிஞ்சினார். திடீரென்று முகம் மலர்ந்தது. "அட! அப்போ இந்த ஏழு ஆல்பத்தையும் நான் இன்னும் கேக்கவே இல்லன்னுதானே அர்த்தம்? எனக்குப் புத்தம் புதுசா ஏழு ஆல்பம் இருக்கு! இந்த ஊர்ல வேற யாருக்கு இருக்கு, சொல்லுங்க பாப்போம்?"

சிவப்பு விளக்கு அணைந்ததும் நிலைய அதிகாரி வெளியே வந்தார். "அடுத்த புதன்லருந்து வந்துடுங்க மேடம். முதல் வாரம் இந்த ஏழையும் சரியான வரிசையில கேட்டுட்டு வந்து மறுபடி தீர்ப்பு சொல்லணும். சரியா?"

அண்ணிக்குத் தலையாட்டத்தான் முடிந்தது. நாலு மாடிப் படியையும் இரண்டு பேரும் இறங்கினார்கள், ஒருத்தி கையை ஒருத்தி விடாமல்.

---

பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. மெக்கானிக்கிடமிருந்து போன்.

"என்ன ஆச்சு? யாராவது சொல்லித் தொலைங்களேன். நான் இன்னும் ரெண்டு மாடிக்கு நடுவுலதான்..."

"வேலை கிடைச்சிருச்சு!" என்று இரண்டு குரலும் ஒரே நேரத்தில் ஒரே போனில் கத்தின.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"என்னங்க? இருக்கீங்களா? அழறீங்களா என்ன?"

"சேச்சே. தூசி. லிப்ட் மேல எல்லாம் ஒரே தூசி." அவர் தொண்டையைச் செருமினார். "அப்போ என் தபால் வேலை போச்சா?"

"போச்சு அண்ணா."

"அப்பாடா!" என்றார் மெக்கானிக். அந்த அப்பாடாவில் மூன்று வருடம் இருந்தது.

போனை வைத்ததும் அண்ணி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "அந்த நானூறு டிஸ்க்கும் நீ அடுக்கினபடியேதான் இருக்கு. வீம்புல நான் தொடவே இல்ல. ஞாயித்துக்கிழமை உக்காருவோம். எது எப்ப வந்துச்சுன்னு நான் கதை சொல்றேன், நீ வரிசையா வை. உன்னளவுக்கு யாரு அடுக்குவா?"

நாத்தனார் தலையைத் திருப்பிக்கொண்டார். பேருந்துக்குள்ளும் அன்று தூசிதான் போலிருக்கிறது.

அப்போது அண்ணியின் போனில், 'பல்லுக்காரி பக்க'த்துக்கு ஒரு செய்தி வந்து விழுந்தது. அனுப்பியவர் பேரைப் பார்த்ததும் அண்ணியின் கை நின்றது. தகரம். அவரேதான்.

'வானொலி கேட்டேன். சிரிச்சு வயிறு வலிக்குது. அந்த அகர வரிசைல ஆல்பத்த இப்ப ஒரு தடவ ஓட்டிப் பாத்தேன். நான் ஒண்ணரை வருஷம் போட்டு உருட்டியும் எனக்குத் தோணாத ஒரு கதை அதுல இருக்கு. அடுத்த ஆல்பத்துக்கு வரிசை போட ஆள் தேடிட்டிருக்கேன். உங்க நாத்தனார நாளைக்குக் காலைல பத்து மணிக்கு என் ஸ்டூடியோவுக்கு அனுப்ப முடியுமா?'

இருபத்திரண்டு வருடமாக இப்படி ஒரு செய்திக்காகக் காத்திருந்தவர் அண்ணி. வந்தது, ஆனால் அடுத்த இருக்கைக்கு வந்தது. பொறாமை சுருக்கென்று குத்தியது, ஒரு நிறுத்தம் வரைக்கும் குத்திக்கொண்டே வந்தது. செய்தியை அழித்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? கட்டை விரல் திரை மேல் நின்றது.

"என்ன அண்ணி? ஏதாவது கெட்ட செய்தியா?" என்றார் நாத்தனார், பதறிப்போய்.

அண்ணி போனை அவர் மடியில் வைத்தார். "உனக்குத்தான்டி. படி."

நாத்தனார் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். முகம் வெளிறிவிட்டது.

"நாளைக்கு எனக்கு ஆபீஸ் இருக்கே அண்ணி!"

"லீவு சொல்லு."

"இன்னிக்கே பாதி நாள் லீவு. நாளைக்கு என்ன காரணம் சொல்றது?"

"பல்லு வலின்னு சொல்லு," என்றார் அண்ணி. "அதுக்கு நான் பொறுப்பு."